கொல்லும் விளையாட்டும் நம் உள்ளமும்



சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை வேளை. எங்கள் வீட்டில் ஜெபமாலைக்கு மெழுகுதிரி ஏற்றியாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி மட்டும் வரவில்லை. பாட்டி மூன்று முறை அழைத்தார். உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "ஒரு நிமிஷம் பாட்டி! இன்னும் ரெண்டு பேரைக் கொன்னுட்டு வந்துடுறேன்!"

பாட்டி திடுக்கிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். நானோ சிரித்துவிட்டேன். அன்றிரவு என்னை உறங்கவிடாதது தம்பியின் சொல் அன்று, என் சிரிப்பே. இக்கட்டுரை பிறந்ததற்குக் காரணமும் அதுதான்.

தம்பி விளையாடியது பப்ஜி போன்றதொரு விளையாட்டு. ஏறத்தாழ நூறு பேர் பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கின்றனர். ஆயுதங்களைத் தேடி எடுத்து ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகின்றனர். கடைசிவரை உயிரோடிருப்பவருக்கே வெற்றி. இத்தகைய விளையாட்டுகளைப் பற்றிய கவலை புதிதன்று. மனிதரைப் போன்ற உருவங்களைக் காரால் மோதி வீழ்த்தும் ‘டெத் ரேஸ்’ என்ற விளையாட்டு, 1976ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1992இல் வெளிவந்த ‘மார்ட்டல் காம்பாட்’டின் குருதிக் காட்சிகளைப் பற்றி அந்நாட்டுச் செனட் சபை 1993இல் விசாரித்தது. அதன் விளைவாக 1994இல் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் முறை ஏற்பட்டது.

நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. ஆனால் அரசு கூறிய காரணம் வன்முறை அன்று. நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தகவல் பாதுகாப்புமே. 2021இல் அதே வகை விளையாட்டு வேறு பெயரில் வந்துவிட்டது. ஆகவே, மனச்சான்று செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் செய்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்விளையாட்டுகளை ஆடுவோர் அனைவரும் கொலைகாரராகிவிடுவார்களா? இல்லை. உண்மையை மிகைப்படுத்துவதும் பிழையே. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் இதை ஆராய்ந்து, கொடுங்குற்றங்களுக்கு இவ்விளையாட்டுகளே காரணம் என்று கூறப் போதிய சான்று இல்லை என்றது. ஆயினும், கத்துதல், பிடித்துத் தள்ளுதல் போன்ற முரட்டுச் செயல்களோடு இவற்றுக்குச் சிறிதளவேனும் தொடர்பு உண்டு என்றும் அது கூறியது.

கிறிஸ்தவர்களாகிய நாம் இன்னும் ஒரு படி உள்ளே செல்ல வேண்டும். ஐந்தாம் கட்டளை கொலையை விலக்குகிறது. நம் ஆண்டவரோ மலைப்பொழிவில், சகோதரன்மேல் கொள்ளும் சினத்தையும் அவனை இழிவாகப் பேசுவதையும் கூடக் கண்டித்தார். கை செய்வதற்கு முன்பே உள்ளம் எதை விரும்புகிறது என்று அவர் பார்க்கிறார் அல்லவா?

புனித அகுஸ்தினார் தம் மனமாற்றத்தைக் கூறும் நூலில் நண்பர் அலிப்பியுஸின் கதையைச் சொல்கிறார். அலிப்பியுஸ் உரோமையில் சட்டம் பயின்ற இளைஞர். மனிதர் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தும் அரங்கக் காட்சிகளை வெறுத்தவர். ஒருநாள் நண்பர்கள் அவரை அங்கே வலிய இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் காதுகளை மூடவில்லை! கூட்டத்தின் பேரொலி கேட்டதும் கண் திறந்தார், குருதியைக் கண்டார், கண்ணைத் திருப்ப முடியவில்லை. பின்னர் மற்றவர்களையும் அழைத்துச் செல்பவராகவே மாறினார். அவர் யாரையும் கொல்லவில்லை. பார்த்து மகிழ்ந்தார், அவ்வளவே. ஆயினும் அவர் உள்ளம் காயப்பட்டது என்கிறார் அகுஸ்தினார். இறைவன் அவரை மீட்டு, பின்னாளில் ஆயராகவும் ஆக்கினார்.

அந்த அரங்கில் இறந்தவர் மெய்யான மனிதர். கைப்பேசித் திரையில் இருப்பதோ வெறும் படம். இந்த வேறுபாடு பெரிது. ஆனால் மகிழ்கின்ற உள்ளம் இரண்டு இடத்திலும் மெய்யான உள்ளமே! எனவேதான் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையைப் போற்றும் வீடியோ விளையாட்டுகளைக் கண்டித்தார்; நல்லதைத் தெரிந்தெடுக்கும் பயிற்சியைப் பிள்ளைகளுக்கு அளிக்குமாறும் கேட்டுக்கொண்டார்.

அப்படியானால் விளையாட்டே பாவமா? இல்லவே இல்லை. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ் வீடியோ விளையாட்டை விரும்பியவர்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். விளையாட்டு அவரை ஆளவில்லை. அவரே விளையாட்டை ஆண்டார்.

நான் தம்பியைக் கண்டிக்கவில்லை. "எனக்கும் சொல்லிக்கொடு" என்று அருகில் அமர்ந்தேன். நான் சுட்டு ஓர் உருவம் சாய்ந்தபோது என் நெஞ்சு குதூகலித்ததை மறைக்கமாட்டேன். பிறகு அவனுக்கு அலிப்பியுஸின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், "அப்போ நானும் கண்ணைத் திறந்துட்டேனா அக்கா?" என்று கேட்டான். "ரெண்டு பேரும்தான்டா" என்றேன்.

இப்போது ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம், எல்லாரும் இருக்கும் கூடத்தில், அவன் வயதுக்கேற்ற விளையாட்டு. சச்சரவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டி அழைத்தால் எழுந்து வருகிறான்.

பெற்றோர்களே, கைப்பேசியைப் பறிக்குமுன் ஒருமுறை பிள்ளையின் அருகில் அமர்ந்து பாருங்கள். தோழியரே, இரவு ஆன்ம சோதனையில் நம்மை நாமே கேட்போம்: இன்று எதைக் கண்டு சிரித்தேன்? அச்சிரிப்பை இயேசுவோடு பகிர்ந்துகொள்ள இயலுமா? இயலாதெனில், கண்களை மட்டுமன்றி உள்ளத்தையும் காத்துக்கொள்ள அவரது அருளை வேண்டுவோமாக!