இணையப்பக்கம் இயற்றப் புகுவோர்க்குரிய கருவிகள்

இணையப்பக்கம் இயற்றக் கற்கப் புகும் மாணாக்கர் முதற்கண் வினவுவது, எக்கருவியைக் கொள்வது என்பதே. ஒன்றா இரண்டா, நூறு பெயர்கள் அவரை மயக்குகின்றன. ஆயினும் உலாவி நேரே அறிந்த மொழிகள் சிலவே. எச்.டி.எம்.எல். பொருளைத் தலைப்பென்றும் பத்தியென்றும் வகுக்கும், சி.எஸ்.எஸ். அதற்கு நிறமும் அளவும் இடமும் தரும். ஜாவாஸ்கிரிப்ட் அதனை இயக்கும். இவற்றை எழுத நோட்பேடே போதும்; காசு செலவில்லை. தமிழில் எழுதுவோர் மட்டும் பக்கத்தின் தலைப்பகுதியில் யு.டி.எப்.-8 என்று குறித்தல் வேண்டும். குறியாவிடின் எழுத்துக்கள் உருச்சிதைந்து தோன்றுதலும் உண்டு.

பிளாஷ் என்னுங் கருவியின் வரலாற்றை ஈண்டு நினைவுறுத்த விரும்புகின்றோம். அசையும் படங்களுக்கும் விளையாட்டுக்களுக்கும் அது ஒரு காலத்துப் பெரிதும் ஆளப்பட்டது. 2007இல் வெளிவந்த ஐபோன் அதனை ஏற்கவில்லை. அடோபி நிறுவனமோ 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதனைக் கைவிட்டது. அஃதொன்றையே பயின்றிருந்தார் நிலை யாதாகும்? செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய முதற்றளத்தின் பழம்படியோ, வெறும் எச்.டி.எம்.எல். ஆதலின், இன்றைய உலாவியிலும் தடையின்றித் திறக்கின்றது.

2013இல் வெளிவந்த ரியாக்ட் முதலியவற்றை நாம் இகழ்கின்றோமல்லோம். அவை ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தார்க்குப் பெருந்துணை. அறியாதார்க்கோ பிழை நேர்ந்த இடமும் புலப்படாது.

சின்னாட் பழகியபின் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் விலையில்லாப் பதிப்பானைக் கொள்ளலாம். அதற்கு முன்பே, கணிப்பொறியில் உலாவியைத் திறந்து எப்12 விசையை அழுத்திப் பாருங்கள். எப்பக்கத்தின் அமைப்பும் பெரும்பாலும் வெளிப்படும். நிறத்தை மாற்றலாம், சொல்லை அழிக்கலாம். மீண்டும் ஏற்றினால் யாவும் பழையபடியே நிற்கும்.