இடுக்கி நீர்த்தேக்கமும் நாளைய போர்க்கப்பலும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள குளமாவு மலைப்பகுதி; ஆயினும் கடற்படைக்கான கருவிகள் அங்கே சோதிக்கப்படுகின்றன. இடுக்கி, செறுதோணி, குளமாவு ஆகிய மூன்று அணைகள் தேக்கும் நீர் 1976 முதல் மூலமற்றம் மின்நிலையத்தை இயக்கி வருகிறது. அதன் நிறுவுதிறன் 780 மெகாவாட். இந்நீர்த்தேக்கத்தின் ஆழமும் அமைதியும் வேறொரு பணிக்கும் உதவுகின்றன.

நீருக்குள் வானொலி அலைகள் நெடுந்தொலைவு செல்வதில்லை, ஒலி செல்லும். ஆகவே, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ‘சோனார்’ கருவி ஒலியை வாங்கி, எண்களாக மாற்றி, கணிப்பொறியின் துணையால் பகுத்தறிகிறது. கடலில் அலைகளும் பிற கப்பல்களின் இரைச்சலும் அளவீட்டைக் குழப்பும். கப்பலையே சோதனைக்கு ஈடுபடுத்தினால் செலவும் மிகும். இக்குறையைத் தவிர்க்க, 2024 ஏப்ரல் 17 அன்று குளமாவில் ‘ஸ்பேஸ்’ என்னும் சோதனை மேடை தொடங்கப்பெற்றது. மிதக்கும் மேடையிலிருந்து மற்றொரு மேடையைக் கருவிகளுடன் 100 மீட்டர் ஆழம் வரை இறக்கலாம்.

எனினும், சிறந்த சோனாரையும் சொந்தக் கப்பலின் இரைச்சல் செவிடாக்கிவிடும். எஞ்சினைப் பற்சக்கரங்களால் உந்துதண்டுடன் இணைக்காமல், மின்சார மோட்டாரால் அத்தண்டைச் சுழற்றினால் இரைச்சல் குறையும். அதே மின்சாரத்தை ராடார் முதலியவற்றுக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு பங்கிட்டளிக்கும். இத்தகைய மின் உந்துமுறைக்கென இந்தியாவும் பிரிட்டனும் 2024 நவம்பர் 28 அன்று விருப்ப அறிக்கையில் கையொப்பமிட்டன.

மின்திறன், தானியங்கி, எண்ணியல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. எனவே, சோதனைக்கூடத்துக்கு ஆகும் முதலீட்டைத் தனிச்செலவாகக் கருதலாகாது. கப்பலின் அடக்கவிலையில் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். கரையில் சோதிக்கத் தவறிய குறை கடலில் பன்மடங்கு செலவாகத் திரும்பும்.