கைபேசி ஆட்டமும் கைப்பதமும்

சிமெண்டுச் சூளையை மூட்டியவுடனே அதனுள் சுண்ணாம்புக் கலவையை இடுவதில்லை. உட்புறம் பதித்த நெருப்புச் செங்கல் திடீர்ச் சூட்டினால் பிளந்துபோமாதலின், படிப்படியாகவே அதனைச் சூடேற்றுவர். 1970-களிலேயே அரசு சிமெண்டு ஆலை கண்ட ஆலங்குளத்தார்க்கு இஃது புதிய செய்தியன்று. ஆயினும் அவ்வட்டாரத்து இளைஞர் பலர், வலைவழிப் போட்டியென்றால் கைபேசியை எடுத்தவுடனே களத்திற் குதிக்கின்றனர். முதலாட்டம் தோற்றபின், 'இனித்தான் கை வரும்' என்கின்றனர். பொழுதுபோக்குவார்க்கு அது பொருந்தும். தோற்றவர் வெளியேறும் போட்டியில் இரண்டாம் ஆட்டம் ஏது?

இதனை வீண்வேலையென்று எள்ளும் பெரியோர்க்கும் ஒரு சொல். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற, குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார். 2023-இல் ஹாங்சௌ நகரில் அதுவே பதக்கப் போட்டியாயிற்று.

ஆட்டத்திற்கு முன் பதப்படவேண்டுவன இரண்டு: கையும் கருத்தும். ஒளியைக் கண்டு விரலசைக்க, நல்ல உடல்நலமுடைய இளைஞர்க்கும் ஏறத்தாழ 0.2 வினாடி செல்லும். கை குளிர்ந்திருப்பின் நரம்பின்வழிச் செய்தி செல்லும் வேகம் குறைந்து, அச்சிறு பொழுதும் நீளும். குளிரூட்டிய அரங்கில் ஆடுவோர் விரல்களை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளுதல் நன்று. சித்திரை வெயிலில் விருதுநகர்ச் சீமையாருக்கு அக்கவலை இல்லை. இங்குச் சூடேறுவது கைபேசியே! மின்னேற்றிக்கொண்டே ஆடினால், அது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், காட்சி தடுமாறும். ஆதலின் பழகும்போதே கருவியைக் கொதிக்கவிடலாகாது.

கருத்தின் செய்தி இதனினும் நுட்பமானது. நன்கு கற்ற தொழிலாயினும், சிறிது ஓய்ந்தபின் மீண்டும் தொடங்குங்கால் முதற்சில முயற்சிகள் தாழ்ந்தே நிற்கும். விரைவில் பழைய நிலை எய்தும். உளநூலார் இதனை நெடுநாட்களுக்கு முன்னரே கண்டனர். அத்தாழ்வைப் போட்டிக்கு முன்னரே கழித்துவிடுதலே முன்பயிற்சியின் பயன். எனவே அது ஆடவிருக்கும் ஆட்டத்தை ஒத்திருத்தல் வேண்டும். 2021-இல் வெளிவந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் இதற்கெனப் பயிற்சிக்களமே உண்டு: அங்கே குறிபார்த்தலையும், துப்பாக்கியின் பின்னுதைப்பை அடக்குதலையும் உயிரிழக்கும் அச்சமின்றிப் பழகலாம். சதுரங்கமும் இன்று வலைவழிப் போட்டியே. 2022 பிப்ரவரியில் சென்னைப் பிரக்ஞானந்தா தம் பதினாறாம் வயதில் கார்ல்சனை வென்றது அத்தகைய போட்டியொன்றில்தான். அவ்வாட்டத்திற்குக் குறிபார்க்கும் பழக்கம் யாது செய்யும்? எளிய புதிர்கள் நாலைந்தைத் தீர்த்தலே தக்கது.

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தரவரிசை ஆட்டமொன்றை முன்பயிற்சியாகக் கொள்வாரும் உளர். என் கருத்தில் அது கேடு. அதில் தோற்றால் இழந்த புள்ளியை மீட்கும் வெறியோடு மற்றொன்று, பின் மற்றொன்று என்று நள்ளிரவாகிவிடும். போட்டிக்குச் சோர்ந்த கண்களே எஞ்சும். பயிற்சிக்குப்பின் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால், அழைக்குமுன் சிறிது மீளப் பழகிக்கொள்ளலாம். நால்வர் குழுவாயின், ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேட்கிறதா என்று சோதிப்பதும் அப்பொழுதுக்குள்ளேயே முடியவேண்டும். பகைவர் சுடத் தொடங்கியபின் அதனைச் சோதிப்பாரே நம்மிற் பலர்.