திறவுகோல் வேண்டா, இசைவே போதும்



“லினக்ஸ் கணிப்பொறியில் பென் டிரைவைச் செருகி மவுண்ட் கட்டளை இட்டால், ரூட் ஒருவரே இதைச் செய்யலாம் என்று மறுக்கிறதே, ஏன்?” என்று நம் மன்றத்தினர் பலர் என்னை வினவியதுண்டு. அளவீடுகளை விடுதிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஆய்வு மாணவர்க்கு இது பெருந்தடை. அத்தடையை நீக்க, ரூட்டின் கடவுச்சொல்லையே சுவரில் எழுதி ஒட்டிய ஆய்வுக்கூடம் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அங்கே எவரும் எவருடைய ஆய்வேட்டையும் ஒரே கட்டளையில் அழித்துவிடலாம். பெட்டியொன்றை வைத்துப்போக வந்தவரிடம் வீட்டுச் சாவியையே கொடுப்பது அறிவுடைமையாகுமா?

மறுப்பின் காரணத்தை முதலில் காண்போம். யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கோப்புகள் யாவும் ஒரே மரமாக அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் வட்டை அம்மரத்தின் கிளையொன்றில் ஒட்டுவதே ‘மவுண்ட்’. ஒட்டிய இடத்தில் முன்பிருந்த கோப்புகள், வட்டைப் பிரிக்கும்வரை மறைந்திருக்கும். பயனர் பட்டியல் உள்ள ‘எட்சி’ அடைவின்மேல் ஒருவர் தம் வட்டை ஒட்டிவிட்டால், அவர் கொணர்ந்த பட்டியலையே கணிப்பொறி நம்பும்.

இன்னொரு தீங்கும் உண்டு. ‘செட்யூயிட்’ என்னும் குறி பெற்ற நிரல், அதை ஓட்டுபவரின் உரிமையில் ஓடாது. தன் உடைமையாளரின் உரிமையிலேயே ஓடும். ரூட்டுக்கு உடைமையான அத்தகைய நிரலைத் தம் வீட்டுக் கணிப்பொறியில் ஆக்கிப் பென் டிரைவில் கொணர்பவர், இங்கே ரூட்டாகவே ஆகிவிடலாம்.

அங்ஙனமாயின் வழி யாது? வியப்பு என்னவெனில், வழியும் அந்தச் செட்யூயிட்டே! டென்னிஸ் ரிச்சி கண்ட இம்முறைக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. லினக்ஸில் மவுண்ட் நிரலும் பொதுவாக இக்குறி பெற்றதே. எளிய பயனர் அழைத்தாலும் அது ரூட்டின் ஆற்றலோடு ஓடும். ஆயினும், ‘எட்சி’ அடைவிலுள்ள ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் மேலாளர் இசைந்து எழுதியதை மட்டுமே அவருக்காகச் செய்யும்.

அக்கோப்பில் வேண்டுவது ஒரே வரி. ஆய்வுக்கூடத்துப் பென் டிரைவின் யூயூஐடி எண், ஒட்டும் இடமாக ‘/மீடியா/பென்’, வகை ‘விஃபாட்’, விருப்பங்களாக ‘யூசர்ஸ்,நோஆட்டோ’, இறுதியில் 0 0. யூயூஐடி எண்ணை ‘பிஎல்கேஐடி’ கட்டளை காட்டும். ‘/மீடியா/பென்’ அடைவை முன்னரே ஆக்கி வைத்தல் வேண்டும். ‘யூசர்’ என்று எழுதினால் ஒட்டியவரும் ரூட்டும் மட்டுமே பிரிக்கலாம்; ‘யூசர்ஸ்’ என்றால் எவரும் பிரிக்கலாம். இரண்டுமே நோஎக்ஸெக், நோசூயிட், நோடெவ் என்னும் மூன்று காப்புகளைத் தாமாகவே கொணரும். ஆதலால் வட்டிலுள்ள நிரல் நேரே ஓடாது. செட்யூயிட் குறி செல்லாது. சாதனக் கோப்புகளும் செல்லா. பின்னால் ‘எக்ஸெக்’, ‘சூயிட்’ என்று சேர்த்து இக்காப்புகளை உடைத்துவிடலாகாது.

திரைமுன் அமர்ந்து பணிபுரிவோர்க்கு ‘யூடிஸ்க்ஸ்’, ‘போல்கிட்’ என்னும் இரண்டும் பெரும்பாலும் இவ்விசைவை எஃப்எஸ்டேப் வரியின்றியே வழங்குகின்றன. தொலைவிலிருந்து நுழைவோர்க்கு அவை மேலாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும். மேற்சொன்ன வரி அவர்க்கே பெரிதும் பயன்படும்.

ஒன்று நினைவிருக்கட்டும். எழுதியவை சிறிது நேரம் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். ‘யூமவுண்ட்’ கட்டளை முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கினால் அளவீடுகள் அழியலாம்.

எனவே தோழர்களே, மேலாளரிடம் கடவுச்சொல்லைக் கேளாதீர்கள். இந்த ஒரு வரியைக் கேளுங்கள்.