சொன்ன விலையே விலை

இணையதளங்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்குத் தருவதே வெப் ஹோஸ்டிங். இதைச் சிறு தொழிலாகத் தொடங்க விரும்பும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். வீட்டு நகையை அடகு வைத்துப் போடும் முதல் ஓராண்டில் கரைந்துவிடக் கூடாது. பெரிய நிறுவனங்களோடு விலையில் மோதினால் நமக்குக் கட்டாது. ஒளிவுமறைவு இல்லாத திட்டமே நம் பலம்.

முதலாவது, விலை. முதல் ஆண்டுக்குக் குறைவாகப் போட்டு, புதுப்பிக்கும்போது ஏற்றுவது இத்தொழிலில் சாதாரணம். அந்த பில்லைப் பார்த்ததும் வாடிக்கையாளர் மனம் விட்டுப் போகிறது. முதல் ஆண்டு விலை, புதுப்பிப்பு விலை, ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால் 18 சதவீத வரி, மூன்றையும் ஒரே இடத்தில் எழுதுவோம்.

இரண்டாவது, 'அன்லிமிடெட்' என்ற சொல் வேண்டாம். எந்த சர்வருக்கும் அளவு உண்டு. 10 ஜிபி என்றால் 10 ஜிபி என்றே சொல்வோம்.

மூன்றாவது, சர்வர் இயங்கும் நேரம். 99 சதவீதம் என்றால், 30 நாளில் 7 மணி 12 நிமிடம் தளம் நின்றுபோகலாம். 99.9 என்றால் சுமார் 43 நிமிடம்தான். காப்பாற்ற முடிந்ததையே வாக்களிப்போம்.

நான்காவது, எஸ்.எஸ்.எல். சான்றிதழ். 'லெட்ஸ் என்கிரிப்ட்' இதை இலவசமாகத் தருகிறது. அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்காமல் திட்டத்திலேயே சேர்ப்போம்.

இத்துடன் தினசரி பேக்கப், அழைத்தால் தமிழில் பதில் சொல்லும் ஒரு போன் எண். இவை இருந்தால் ஜவுளிக்கடைக்காரர் நம்மை நம்பி வருவார். மறு ஆண்டும் நம்மிடமே இருப்பார்.