கான்பூரிலிருந்து வந்த கார்

கேள்வி: கான்பூர் தோல் ஆலையிலிருந்து ஆம்பூருக்கு மாறி வந்தேன். லாரியில் ஏற்றி அனுப்பிய கார் கதவு நசுங்கி வந்தது. “டெல்லி நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது என்று ரசீதில் இருக்கிறதே” என்கிறது நிறுவனம். என்ன செய்வது?
- வாசகர், ஆம்பூர்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வாடகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். சரக்குப் போக்குவரத்துக்கென 2007-ல் வந்த தனிச் சட்டம், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் சேதத்தை எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. இறக்கிய நாளிலிருந்து அல்ல, கவனியுங்கள். வாட்ஸ்அப் சண்டையை நம்ப வேண்டாம். பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடுத்த படங்கள், எல்.ஆர். எனும் லாரி ரசீது, ஒர்க்‌ஷாப் மதிப்பீடு எல்லாம் இணையட்டும். “நல்ல நிலையில் பெற்றேன்” என்று கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கு கடினம், முடிந்துபோனதல்ல.

காரின் மதிப்பை ரசீதில் குறிப்பிட்டு அதற்கான கூடுதல் கட்டணம் செலுத்தவில்லையா? பொதுவாக இழப்பீடு வாடகையின் பத்து மடங்கைத் தாண்டாது. கதவுக்கு அது போதும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். பல நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.