மானியமா, மதிநுட்பமா? வளைகுடா விமானங்களும் பழைய வான் வல்லரசுகளும்

கடந்த வருடம் என் நானா உயர்கல்விக்காக லண்டன் செல்ல ஆயத்தமானபோது, வாப்பா பயணச்சீட்டு விலைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கட்டுநாயக்கவிலிருந்து நேராகச் செல்லும் விமானத்தின் சீட்டைவிட, டோஹாவில் இறங்கி மாறிச் செல்லும் சீட்டு மலிவாக இருந்தது. தூரம் கூட, எரிபொருள் கூட, இரண்டு தடவை ஏறி இறங்கும் வேலையும் கூட. ஆனால் விலை குறைவு. செலவு கூடினால் விலை கூடும் என்று பொருளியல் வகுப்பில் படித்த எனக்கு இது புதிராக இருந்தது. அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆசியாவில் பத்து நகரங்கள், ஐரோப்பாவில் பத்து நகரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மற்றொன்றுடன் நேரடியாக இணைக்க 100 பாதைகள் வேண்டும். நடுவில் டுபாயையோ டோஹாவையோ வைத்தால் 20 பாதைகள் போதும். கொழும்பிலிருந்து டோஹா செல்லும் விமானத்தில் லண்டன் பயணி மட்டும் இருப்பதில்லை. பரிஸ், ரோம், மன்செஸ்டர் செல்பவர்களும் அங்கேயே வேலை செய்பவர்களும் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள். எனவே பெரிய விமானமும் நிரம்பும். ஆசனம் நிரம்பினால் ஒரு பயணிக்கான செலவு குறையும். நாம் மனனம் செய்யும் அளவுத்திட்டச் சிக்கனம் இதுதான்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அரபிகள் அல்லர். ஒல்லாந்தரின் கே.எல்.எம். நிறுவனம் அம்ஸ்டர்டாம் வழியாகவும், சிங்கப்பூர் எயார்லைன்ஸ் சிங்கப்பூர் வழியாகவும் இதையே செய்தன. இவ்வாறு ஒரு நாட்டுப் பயணியைத் தன் நாட்டின் ஊடாக மூன்றாவது நாட்டுக்குக் கொண்டுசெல்வதை விமானத்துறையில் 'ஆறாம் சுதந்திரம்' என்பர். வளைகுடாவுக்கு இருந்த அனுகூலம் அதன் அமைவிடம். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் நடுவே இருப்பதால் நீண்டதூர விமானங்களால் எந்தத் திசைக்கும் இடைநில்லாமல் பறக்க முடிகிறது. லண்டன் ஹீத்ரோவில் இரவு நேரப் பறப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. டுபாயில் நள்ளிரவும் நண்பகலும் ஒன்றுதான்.

எமிரேட்ஸின் ஆரம்பம் சிறியது. 1980களின் நடுப்பகுதியில் கல்ஃப் எயார் நிறுவனம் டுபாய்க்கான சேவைகளைக் குறைத்தபோது, டுபாய் அரசாங்கம் 10 மில்லியன் டொலர் முதலிட்டுத் தனக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. பாகிஸ்தான் விமானச் சேவையிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற விமானங்களுடன் 1985 ஒக்டோபர் 25ஆம் திகதி கராச்சிக்கு முதல் பயணம் நடந்தது. மறு வருடமே கொழும்புக்கும் வந்துவிட்டார்கள். 2014ஆம் ஆண்டில் சர்வதேசப் பயணிகளின் எண்ணிக்கையில் டுபாய் விமான நிலையம் ஹீத்ரோவை முந்தியது.

பழைய நிறுவனங்கள் இதைச் சும்மா பார்த்திருக்கவில்லை. 2015இல் அமெரிக்கன், டெல்டா, யுனைட்டட் ஆகிய மூன்றும் சேர்ந்து, எமிரேட்ஸ், எதிஹாட், கட்டார் எயார்வேய்ஸ் ஆகியன தம் அரசுகளிடமிருந்து 42 பில்லியன் டொலருக்கு மேல் மானியம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டின. அரசு பணம் கொடுத்தால் அது போட்டியல்ல என்பது அவர்களின் வாதம். வளைகுடா நிறுவனங்கள் அதை மறுத்தன. நீங்கள் மட்டும் அரசின் நிழலில் வளரவில்லையா என்று திருப்பிக் கேட்டன. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 2001 செப்டெம்பர் தாக்குதலின் பின் அமெரிக்க அரசு தன் விமான நிறுவனங்களுக்கு 5 பில்லியன் டொலரை நேரடியாகவே வழங்கியது. யுனைட்டட் 2002இலும், டெல்டா 2005இலும், அமெரிக்கன் 2011இலும் வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுக் கடன் சுமையைக் குறைத்துக்கொண்டன.

2020இல் கொரோனா வந்தது. ஜேர்மனியின் லுஃப்தான்சாவுக்கு 9 பில்லியன் யூரோ அரச உதவித் திட்டம். எமிரேட்ஸுக்கு டுபாய் அரசு 2 பில்லியன் டொலர். அதன் பின் மானியத்தைப் பற்றி உரத்துப் பேச யாருக்கும் வாய் எழவில்லை என்றே நினைக்கிறேன். குற்றஞ்சாட்டிய யுனைட்டட் 2022இல் எமிரேட்ஸுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது!

பணம் இருந்தால் மட்டும் வெல்லலாம் என்றும் இல்லை. எதிஹாட் நிறுவனம் எயார் பேர்ளினிலும் இத்தாலியின் அலிடாலியாவிலும் பங்குகளை வாங்கியது. இரண்டும் 2017இல் வீழ்ந்தன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1998இல் எயார் லங்காவின் பங்குகளை எமிரேட்ஸ் வாங்கி, பத்தாண்டு முகாமைத்துவத்தையும் பொறுப்பேற்றது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயரும் அக்காலத்தில்தான் வந்தது. 2008இல் அந்த ஒப்பந்தம் முடிவடைந்தது. அதன் பின்னர் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டம்தான், அது அரசின் தலையிலும் எங்கள் தலையிலும் விழுகிறது. வாப்பா டோஹா சீட்டைத்தான் வாங்கினார். "நட்டத்தில் ஓடுவதை வித்துவிட வேண்டியதுதானே" என்றும் சொன்னார்.

எனக்கு அவ்வளவு எளிதாக ஆம் என்று சொல்ல முடியவில்லை. கொழும்புக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டுமே பறந்தால், அவற்றுள் ஒன்றிரண்டு மிஞ்சித் தனியுரிமை பெற்ற பின்னும் இதே மலிவு விலை இருக்குமா? இன்னொன்றையும் வாப்பாவிடம் சொன்னேன். 2020 ஏப்ரலில் வான் வழிகள் மூடப்பட்டிருந்தபோது, பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் சிக்கியிருந்த எமது மாணவர்களை ஏற்றிவரச் சென்றது அந்த நட்டத்தில் ஓடும் நிறுவனத்தின் விமானம்தான். வாப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அதுவும் சரிதான், ஆனால் கடனை யார் கட்டுவது?" என்றார். அதற்கான விடை என்னிடம் இன்னும் இல்லை.